கரிசல் தடங்கள் – 17: காகிதக் கப்பல் விட்ட சீமை

போன வாரம் குண்டாற்றின் தடத்தைப் பார்த்தோம். ஆற்றைப் பேசிவிட்டுப் படகைப் பேசாமல் விட்டால் முறையாகாது. ஆனால் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து ஆளை நிறுத்தி, “உங்க ஊர்ல உல்லாசப் படகுச் சவாரி உண்டா?” என்று கேட்டுப் பாருங்கள். “குடிக்கவே குடத்தோட வரிசையில நிக்கிறோம், இதுல படகாம்ல!” என்று சிரிப்பார்கள். சிரிப்பில் நியாயம் இருக்கிறது. மேற்கு மலையடிவாரத்தில் பிறந்து, திருச்சுழியையும் கமுதியையும் தொட்டு, மூக்கையூர்ப் பக்கம் மன்னார் வளைகுடாவில் கலக்கும் குண்டாறு, வருஷத்தில் பெரும்பாலான நாள் வெறும் மணல். அதில் ஓடுவது மாட்டுவண்டி, பிறகு மணல் லாரி.

ஆனாலும் இந்தச் சீமைக்கு ஒரு கப்பல் கதை உண்டு. கப்பல் கட்டியவனுக்கு அப்போது வயது ஆறு இருக்கும்.

திருச்சுழியில் வக்கீல் தொழில் செய்துவந்தவர் சுந்தரமய்யர். 1879 டிசம்பர் 30 அன்று பிறந்த அவர் மகன் வேங்கடராமன், வீட்டில் கிடந்த பழைய வழக்குக் கட்டுகளை உருவி, கூட்டாளிகளோடு உட்கார்ந்து ஒவ்வொரு தாளையும் கப்பலாக மடித்துத் தண்ணீரில் விட்டான். யாருடைய பாகப்பிரிவினை, யாருடைய வரப்புத் தகராறு அன்று மிதந்து போனதோ! அப்பா வந்து பார்த்தார், கத்தினார். பையன் ஓட்டம் பிடித்தான். தேடாத இடமில்லை. கடைசியில் திருமேனிநாதர் கோயில் அர்ச்சகர், அம்பாள் சகாயவல்லி சந்நிதியில் சிலைக்குப் பின்னால் ஒடுங்கி உட்கார்ந்திருந்த பிள்ளையைக் கண்டுபிடித்துக் கூட்டிவந்தார். பிற்காலத்தில் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியாக அமர்ந்தபோது இந்தக் கதையை அவரே அடியார்களிடம் சொல்லியிருக்கிறார்.

அவர் சொன்ன இன்னொன்று எனக்கு இதைவிடப் பிடிக்கும். கோயிலுக்கு எதிரே உள்ள சூலத் தீர்த்தத்தில், மாசி மகத்துக்கு முந்தைய பத்து நாளும் தண்ணீர் தினம் ஒரு படி ஏறுமாம். ஊர்ப் பிள்ளைகள் கூடி நின்று, இன்றைக்கு எந்தப் படி முங்கியது என்று பார்ப்பார்களாம். பௌர்ணமி கழிந்ததும் அதே கணக்கில் இறங்கும். அதில் குளித்தால் வெள்ளி வளையல் கறுத்துப்போகும். தண்ணீரில் கந்தக வாடை. கடலைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு ஒரு படித் தண்ணீர் ஏறியதா இறங்கியதா என்பதெல்லாம் கண்ணில் படாது. திருச்சுழிப் பிள்ளைக்கு அதுவே திருவிழா. வேங்கடராமன் பிறந்த நேரத்தையும் நினைத்துக்கொள்ள வேண்டும். சென்னை மாகாணத்தையே உலுக்கிய 1876–78 தாது வருஷப் பஞ்சம் முடிந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

இதே ஊரின் தலபுராணம் வெள்ளத்தில் தொடங்குகிறது என்பது ஒரு வேடிக்கை. பிரளய வெள்ளம் ஊரை முழுங்க வந்தபோது சிவன் சூலத்தைப் பூமியில் ஊன்றித் துளையிட்டு, வந்த நீரையெல்லாம் உள்ளே இறக்கிவிட்டாராம். சுந்தரர் பாடிய தலம். சாமியைக் குறை சொல்லக் கூடாது. ஆனால் ஆனி, ஆடியில் கண்மாய்க் கரையில் நிற்கும்போது, கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கலாமே என்று யாருக்கும் தோன்றும்.

இங்கே பாய்மரம் தோன்றாததற்குத் தண்ணீர்க் குறை மட்டும் காரணமில்லை. காற்றும் தண்ணீரும் ஒரே மாதத்தில் வருவதில்லை. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்களே, அந்தக் காற்று மேற்குமலைக் கணவாய்களில் புகுந்து கரிசலில் புழுதியைக் கிளப்பும்போது கண்மாய் வெடித்துக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பெய்து கண்மாய் பெருகிக் கலுங்கில் மறுகால் பாயும்போது, பாயை உப்பவைக்கும் அந்தக் காற்று போயிருக்கும். அப்படியே தண்ணீர் நின்றாலும் எத்தனை மாதத்துக்கு? மடை திறந்துவிட்டால் வயலுக்குப் போகவேண்டிய தண்ணீர் அது. அதன்மேல் மரத்தை வெட்டிப் படகு செய்து மிதக்கவிட யாருக்கு மனசு வரும்? கிணற்றில் நீச்சல் பழகச் சுரைக்குடுக்கை, கண்மாயில் மிதக்க ஒரு கட்டை, அதோடு சரி.

காற்று இல்லாவிட்டாலும் தண்ணீர் வந்தால் நம் ஆட்கள் சும்மா இருந்ததில்லை. அதற்கு மதுரைக்குப் போகவேண்டும். திருச்சுழி பல நூற்றாண்டு மதுரையைப் பார்த்தே வாழ்ந்த ஊர். ஆங்கிலேயர் காலத்திலும் ராமநாதபுரம் ஜமீனுக்கு உட்பட்டு மதுரை ஜில்லாவில்தான் இருந்தது. ராமநாதபுரம் தனி ஜில்லா ஆனது 1910ல். நாம் விருதுநகர்க்காரர்கள் ஆனது 1985ல்.

பரிபாடலில் முழுசாகக் கிடைத்த 22 பாட்டில் திருமாலுக்கு 6, முருகனுக்கு 8, வையைக்கும் 8. ஓர் ஆற்றுக்குத் தெய்வத்துக்குச் சமமான பங்கு! அந்த எட்டும் பெரும்பாலும் புதுவெள்ளம் வந்ததும் ஊரே இறங்கி ஆடிய ஆட்டம். சிலப்பதிகாரம் இன்னும் துல்லியம். மதுரைக்கு வந்த கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் வையைக் கரையில் பார்த்தது குதிரைமுகம், யானைமுகம், சிங்கமுகம் வைத்துச் செய்த அம்பிகள். பெரிய துறையில் ஓடிய அந்த அலங்கார ஓடங்களில் அவர்கள் ஏறவில்லை. ஒதுங்கிப்போய் ஒரு மரப்புணையில் ஏறி அக்கரை சேர்ந்தார்கள். காசில்லாதவர்களும் துறவியும் அப்படித்தான் கடந்திருப்பார்கள். அடுத்த காதையில் அதே வையையில் நீரணிமாடம் வருகிறது. மாடம் வைத்த ஓடம் அது, இன்றைய கேரளப் படகுவீட்டுக்கு மூத்தது. அதிலேறி நெடுந்துறை போய், பூம்புணையைத் தழுவிக்கொண்டு கணிகையரும் செல்வரும் புனலாடினார்கள். உல்லாசப் படகு வெள்ளைக்காரன் கற்றுக்கொடுத்தது என்று நினைப்பவர்கள் இளங்கோவடிகளிடம்தான் கேட்கவேண்டும். பாய் மட்டும் அதில் இல்லை. எல்லாம் கோலும் துடுப்பும்தான்.

பிறகு உல்லாசம் சாமிக்குப் போயிற்று. மனிதர்கள் கரையில் நின்றுகொண்டார்கள். 1645ல் திருமலை நாயக்கர் வெட்டிய வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் சுமார் 16 ஏக்கர். மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளம் அது என்றும், தோண்டும்போதுதான் முக்குறுணிப் பிள்ளையார் கிடைத்தார் என்றும் மதுரையில் சொல்வார்கள். தைப்பூசத்தன்று மீனாட்சியும் சொக்கரும் தெப்பத்தில் ஏறி மைய மண்டபத்தைச் சுற்றிவருவார்கள். அந்தத் தெப்பத்துக்குத் துடுப்பும் கிடையாது, பாயும் கிடையாது. கரையில் நின்று ஜனங்கள் வடம் பிடித்து இழுப்பார்கள், தேரை இழுப்பதுபோல.

இதில் வறண்ட சீமைக்கே உரிய ஏற்பாடு ஒன்று உண்டு: நிலைத்தெப்பம். குளத்தில் தண்ணீர் இல்லையென்றால் திருவிழாவை நிறுத்துவதில்லை. தெப்பத்தை வழக்கம்போலக் கட்டி அலங்கரித்து, சாமியை அதில் எழுந்தருளச் செய்து, நின்ற இடத்திலேயே தீபாராதனை காட்டுவார்கள். மதுரையில் பல வருஷம் இதுதான் நடந்தது. மற்ற நாளில் அந்தக் குளத்துக்குள் பையன்கள் ஸ்டம்ப் நட்டுக் கிரிக்கெட் ஆடினார்கள். வைகையிலிருந்து வரும் வாய்க்காலைச் சரிசெய்தபின் சில வருஷமாகக் குளம் நிறைகிறது. படகுச் சவாரியும் விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகுட்டியோடு அருப்புக்கோட்டையிலிருந்து பஸ் பிடித்துப் போய் ஏறிவருபவர்கள் உண்டு.

இனி, கரிசல் மண்ணைக் கடந்துபோன ஒரு நிஜப் படகு.

மதுரைக் கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் துரைக்குக் கோடைக்கானல் மேல் தனிப் பிரியம். 1863ல் அங்கே ஓடைகள் கூடிய சதுப்புப் பள்ளத்தைக் கரை போட்டு மறித்து ஏரியாக்கினார், சொந்தக் காசில். இன்று கைடுகள் நட்சத்திர ஏரி என்று காட்டுவது அதைத்தான். ஏரி ஆகிவிட்டது, படகு வேண்டுமே! தூத்துக்குடியிலிருந்து தருவித்தார். கோடைக்கானல் தண்ணீரில் மிதந்த முதல் படகு தூத்துக்குடிப் படகு என்பது பலர் அறிந்த செய்தி. அது எப்படி மேலே போயிருக்கும் என்று யோசிப்பவர்கள் குறைவு.

1863ல் தூத்துக்குடிக்கும் மதுரைக்கும் ரயில் கிடையாது. அது வந்தது எழுபதுகளில். எட்டயபுரம், அருப்புக்கோட்டை வழியோ, கோவில்பட்டி, சாத்தூர் வழியோ, எப்படிப் போனாலும் கரிசலைக் குறுக்கே வெட்டாமல் மலைக்குப் போகமுடியாது. மழைக்காலமென்றால் கரிசலில் வண்டிச்சக்கரம் குடம்வரை இறங்கிவிடும். ஆகவே கோடையாக இருந்திருக்க வேண்டும். காய்ந்த கண்மாய்களின் கரையோரமாக, மாட்டுவண்டியில் கவிழ்த்துப்போட்ட படகு ஒன்று அசைந்து அசைந்து போகிறது. பருத்தி விறகு பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்து என்ன பேசியிருப்பார்கள்! பெரியகுளத்துப் பக்கம் அடிவாரம் வந்ததும் வண்டியும் நின்றுவிடும். மலைமேல் வாகனம் போகிற சாலை வந்தது 1910களில்தான். அதுவரை துரைகளும் துரைசானிகளும் நாற்காலியிலும் டோலியிலும் உட்கார, கூலியாட்கள் தோளில் சுமந்து ஏற்றினார்கள். படகும் அந்தத் தோள்களில்தான் ஏறியிருக்கும். 1890ல் அங்கே போட் கிளப் வந்தது. இன்று ரசீது வாங்கிக்கொண்டு மிதிபடகில் ஏறும் கூட்டத்துக்கு இதெல்லாம் நினைவில் இருக்கவேண்டியதில்லை.

லெவிஞ்ச் நல்லவரா கெட்டவரா என்ற வழக்கில் நான் இறங்கப்போவதில்லை. சொந்தக் காசில் செய்தார், இன்றைக்கும் ஏரி நிற்கிறது. ஆனால் ஒரே ஜில்லா அது. மேலே உல்லாசத்துக்கு ஏரி வெட்டிய பதின்மூன்றாவது வருஷம் கீழே கஞ்சித் தொட்டிக்கு முன்னால் ஜனம் வரிசையில் நின்றது. இரண்டையும் அடுத்தடுத்த பக்கத்தில் எழுதும்போது கை கொஞ்சம் தயங்குகிறது.

இனிப் பாய்மரத்துக்கு வருவோம். அருப்புக்கோட்டையிலிருந்து தெற்கே, காகம் பறக்கிற கணக்கில் ஐம்பது அறுபது கிலோமீட்டரில் வேம்பாறு கடற்கரை. கிழக்கே நூறு கிலோமீட்டர் போனால் தொண்டி. அங்கே வருஷம் முழுக்கத் தண்ணீரும் உண்டு, காற்றும் உண்டு. வடக்கேயிருந்து வாடை, மேற்கேயிருந்து கச்சான், தெற்கேயிருந்து சோழகம், கிழக்கேயிருந்து கொண்டல் என்று ஒவ்வொரு காற்றுக்கும் பெயர் வைத்துப் பழகியவர்கள் கடலாடிகள். கரிசல்காரன் மழையைப் பேசுகிற நுணுக்கத்தோடு அவர்கள் காற்றைப் பேசுவார்கள்.

தொண்டி, நம்புதாளை, மோர்ப்பண்ணை வட்டாரத்தில் கோயில் திருவிழா, பொங்கல் என்று வந்தால் பாய்மரப் படகுப் போட்டி நடத்துவது வழக்கம். கரையோரத்து ஊர்கள் பலவற்றிலிருந்து படகுகள் வரும். ஓடுவது பெரும்பாலும் வத்தை. நீளமான, ஒடுங்கிய, அடி ஆழமில்லாத பலகைப்படகு. பாக்குநீரிணையின் ஆழமில்லாத கடலுக்கென்றே செய்தது. அதன் அகலத்தைவிடப் பாய் பெரிது. அவ்வளவு பெரிய பாயில் காற்று பக்கவாட்டில் அறைந்தால் படகு குடைசாயத்தானே வேண்டும்? அதற்கு அவர்கள் கண்ட வழிதான் பலகை. படகின் குறுக்கே ஒரு நீண்ட பலகையைப் போட்டு, காற்று வருகிற பக்கம் வெளியே நீட்டிவிடுவார்கள். ஆட்கள் அந்தப் பலகையில் ஏறிக் கடலுக்கு மேலே போய் உட்கார்ந்துகொள்வார்கள். காற்று ஓங்கினால் இன்னொருவன் நுனிக்கு நகர்வான். காற்று தணிந்தால் உள்ளே நகர்ந்து வருவான். யாரும் உத்தரவு போடுவதில்லை, இடுப்புக்குத் தெரியும்.

பார்க்கவேண்டியது படகு திரும்பும் இடம். கடலில் நட்டுவைத்த எல்லைக்கொடியைச் சுற்றும்போது, தாமான் கயிற்றைப் பிடித்திருப்பவன் தளர்த்துவான், பாய் படபடத்து மறுபக்கம் சாடும். அந்த இடைவெளிக்குள் பலகையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தள்ளி, ஆட்களும் தாவிவிட வேண்டும். ஓர் ஆள் பிந்தினால் படகு கவிழும். கவிழ்ந்தால் கரையில் ஒரே ஆரவாரம், எதிரி ஊர்க்காரர்களிடமிருந்து. பரிசுத்தொகையும் கோப்பையும் உண்டு. ஆனால் அடுத்த வருஷம்வரை டீக்கடையில் பேசப்படுவது, யார் பலகையை எப்படி மாற்றினான் என்பதுதான்.

சென்னை மாகாணத்தின் மீன்துறை இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், 1920ல் இந்தியப் படகு வகைகளைப் பற்றி எழுதிய ஆய்வில் இந்தப் பலகையைக் கவனித்துப் பதிவு செய்தார். தென்கடல் தீவுகளின் துணைக்கட்டைப் படகுகளுக்கும் இதற்கும் உறவு இருக்குமா என்பது அவர் ஆராய்ச்சி. நமக்கு அது முக்கியமில்லை. பிழைப்புக்குக் கண்ட உத்தியை விளையாட்டாக்கியவர்கள் மீனவர்களே என்பதுதான் செய்தி. மோட்டார் வந்தபிறகு மீன்பிடிக்கப் பாய் தேவைப்படவில்லை. போட்டிக்காக மட்டும் பாயை எடுத்துக் கட்டுகிறார்கள் பலர். தொழிலாக இருந்தது போய், பாய்மரம் இப்போது முழு உல்லாசமாகிவிட்டது.

துரைமார் வழியும் தனியாக ஓடியது. சென்னைத் துறைமுகத்தை நிர்வகித்த பிரான்சிஸ் ஸ்பிரிங் 1911ல் ஆரம்பித்ததுதான் இன்றைய ராயல் மெட்ராஸ் யாட் கிளப். துறைமுகத்தின் அணைப்புக்குள் ஞாயிறுதோறும் வெள்ளைப் பாய் விரிக்கும் கிளப். ஒருமுறை அந்த உலகமும் நம் உலகமும் வேறொரு கரையில் முட்டிக்கொண்டன. இலங்கையின் வல்வெட்டித்துறையில் 1930 வாக்கில் வேப்பமரத்தில் கட்டிய ‘அன்னபூரணி அம்மாள்’ 89 அடிச் சரக்குக் கப்பல். சின்னப் பாய்ப்படகில் உலகையே சுற்றிவந்த அமெரிக்கர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் அதைப் பார்த்து மயங்கி விலைக்கு வாங்கினார். மனைவியின் பெயரை அதற்குச் சூட்டினார். வல்வெட்டித்துறை மாலுமிகளே ஓட்டிச்சென்று 1938ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். நம்மூர் வேப்பமரம் அட்லாண்டிக் கடந்தது, ஒரு மனிதரின் ஆசைக்காக.

இன்றைக்கு வந்தால், சென்னையின் நேத்ரா குமணன் பாய்மரப் படகில் ஒலிம்பிக்ஸுக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண். தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கத்தின் கோடை முகாமில் கற்கத் தொடங்கியவர். 2021ல் நடந்த டோக்கியோ போட்டியிலும் 2024 பாரிஸிலும் ஓட்டினார். அவர் ஓட்டுவது ஒற்றை ஆள் டிங்கி. காற்று தூக்கும்போது கால்களைப் பட்டைக்குள் மாட்டிக்கொண்டு, முதுகு தண்ணீரைத் தொடுமளவு வெளியே சாய்கிறார். வத்தைப் பலகையின் நுனியில் இருப்பவன் செய்வதும் அதுவே. வேலூர்க்காரரான விஷ்ணு சரவணன் ராணுவம் வழியாக அதே இரண்டு ஒலிம்பிக்ஸுக்குப் போனார். முகாம் வழி ஒருவர், பட்டாளம் வழி ஒருவர். தொண்டிக் கரையில் பத்து வயதிலேயே காற்றை முதுகால் அளக்கிற பையன்களுக்கும் ஒரு வழி திறந்தால் என்ன? டிங்கி விலையையும் வெளிநாட்டுப் பயிற்சிச் செலவையும் கேட்டால் அவர்கள் வீட்டில் யாரும் அடுத்த கேள்வி கேட்கமாட்டார்கள் என்பது தெரிந்ததுதான். ஆனால் ஒரு விளையாட்டு விடுதியைச் சென்னையில் வைக்காமல் பாக்குநீரிணைக் கரையில் வைக்கலாமே என்று கேட்பதற்குச் செலவில்லை.

நம் சீமையில் காற்று ஒருமுறை பாயில்லாமலே தன் வேலையைக் காட்டியது. 2017 ஏப்ரலில், வைகை அணைத் தண்ணீர் ஆவியாகாமல் தடுக்க, அமைச்சர் செல்லூர் ராஜு முன்னிலையில் தெர்மாகோல் அட்டைகளை ஒட்டி நீர்மேல் பரப்பினார்கள். சற்று நேரத்தில் காற்று அத்தனையையும் கரைக்கு ஒதுக்கிவிட்டது. நாடே சிரித்தது. எனக்கு அந்தச் சிரிப்பில் முழுச் சம்மதம் இல்லை. ஒரு குடம் தண்ணீர் வெயிலில் போகாமல் காக்கவேண்டும் என்ற தவிப்பு இந்தப் பக்கத்து ஆளுக்குப் புரியும். வழிதான் தப்பு. கட்டாமல் விட்ட எதுவும் காற்றில் ஓடும் என்பதைத் தொண்டிக்காரர் யாரிடமாவது முன்கூட்டியே கேட்டிருக்கலாம்.

அதே தெர்மாகோல் கண்மாய்களில் வேறு வேலை செய்கிறது. குத்தகைக்கு மீன் பிடிப்பவர்கள் பழைய தெர்மாகோலைச் சாக்கில் பொதிந்து கட்டி, அதில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கையால் தள்ளிக்கொண்டே வலை போடுகிறார்கள். பிள்ளைகளுக்கு லாரி டியூப். கார்த்திகையில் கண்மாய் பெருகிய வருஷமென்றால் பஞ்சர் கடையில் டியூப் இரவலுக்கு அடிதடி நடக்கும். மூன்று பேர் கவிழ்ந்து படுத்துக் கையை வீசினால் நடுக் கண்மாய்க் கருவேலமரம்வரை போய்த் திரும்பலாம். சீமைக்கருவேல முள் குத்தி டியூப் புஸ்ஸென்று போனால் நீந்தித்தான் வரவேண்டும், கடைக்காரருக்குப் பதிலும் சொல்லவேண்டும்.

கரிசலிலிருந்து கடலுக்குப் போனவை இன்னும் இருக்கின்றன. ஆழமில்லாத தூத்துக்குடித் துறையில் கப்பல்கள் கரைக்கு வரமுடியாமல் பல மைல் தள்ளி நங்கூரமிட்ட காலத்தில், நம் காட்டுப் பருத்தி பொதி பொதியாகப் பாய்த்தோணி ஏறித்தான் கப்பலுக்குப் போனது. வண்டிக்காரர், தரகர், தோணிக்காரர் என்று அந்தக் கை மாறிய கணக்கை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)